கறி சுடக் கரி வாங்கப் போறீங்களா?



ஞாயிற்றுக்கிழமை. கடையிலிருந்து கறி வாங்கியாச்சு. இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைச்சுத் தடவி ஊற வெச்சாச்சு. கொல்லைப்புறத்தில் மூணு கல்லைக் கூட்டி, மேலே கம்பி வலையைப் போட்டு, கறியைச் சுட்டு, கொஞ்சம் புகையும் காட்டி எடுத்தால் எப்படி இருக்கும்! அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் இதை 'பார்பிக்யூ' என்கிறார்கள். நம் பாட்டன் பூட்டனோ பேர் எதுவும் வைக்காமலே வயல்வரப்பில் சுட்டுத் தின்றார்கள். வழி ஒன்றுதான்.

இதில் கறியைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். நெஞ்செலும்பா, தொடைக்கறியா என்று கடைக்காரரிடம் வாதாடுகிறோம். கரியை மட்டும் பார்ப்பதே இல்லை. 'எந்தக் கரியாக இருந்தால் என்ன, எரிஞ்சு சாம்பலாகப் போறதுதானே' என்று ஒரு மூட்டையைத் தூக்கி வந்துவிடுகிறோம். அங்கேதான் தப்பு செய்கிறோம்.

மட்டமான கரி வாங்கினால் என்ன ஆகும்? அடுப்புப் பற்றாது. ஊதி ஊதி மூச்சு வாங்கும். கண் எரியும். புகை கறியில் ஏறிக் கசக்கும். பாதியில் கனல் அணையும். கறி மேலே கருகி உள்ளே வேகாமல் கிடக்கும். சந்தையில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்தவர் ஒருவர்; அந்த மிச்சத்துக்காகப் புகையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறவர் இன்னொருவர்! ஆகவே இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கரி எப்படி உண்டாகிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனவர்கள் கரிமூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் வைக்கோல், இலை தழை பரப்பி, ஈரமண் போட்டு மூடுவார்கள். ஒரு வாய் விட்டு நெருப்பு வைப்பார்கள். உள்ளே காற்று அதிகம் போகாது. ஆகவே கட்டை எரிந்து சாம்பலாகாமல், உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் வேகும்.

முதலில் வெள்ளையாக, அடர்த்தியாகப் புகை வரும். அது கட்டையில் உள்ள ஈரம். பிறகு மஞ்சள் கலந்த புகை. அது மரத்தில் உள்ள எண்ணெயும் பிசினும். கடைசியில் நீலமாக, மெலிசாக வரும். அப்போது மூட்டக்காரர் ஓட்டைகளை மண்ணால் அடைத்து ஆறவிடுவார். இப்படி வெந்தபின் நாலைந்து கிலோ காய்ந்த விறகுக்குச் சுமார் ஒரு கிலோ கரிதான் மிஞ்சும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மரம் விட வேண்டிய புகையையெல்லாம் மூட்டத்திலேயே விட்டுவிட்டதுதான் நல்ல கரி. சரியாக வேகாத கரி, மிச்சப் புகையை உங்கள் வீட்டுக் கொல்லையில் விடும். இவ்வளவுதான் சூட்சுமம்.

எந்த மரத்துக் கரி நல்லது?

கனத்த மரத்துக் கரி நின்று எரியும். லேசான மரத்துக் கரி படபடவென்று எரிந்து சீக்கிரம் சாம்பலாகும்.

சீமைக்கருவேல்: நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது இதுதான். இந்த மரம் நம் நாட்டு மரமல்ல. 1877-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண்டத்துப் பக்கமிருந்து விதை வரவழைத்து அன்றைய சென்னை மாகாணத்தில் வளர்த்தார்கள். இன்று கண்மாயிலும் வயலிலும் முளைத்து விவசாயிக்குத் தொந்தரவு தருகிறது. ஆனாலும் அதன் கரி நல்ல கரி. கனல் நிற்கும், சூடு அதிகம். அதிலும் அடிமரம், வேர்ப்பாகம் இவற்றிலிருந்து வருகிற தூர்க்கரி உசத்தி. கிளையிலிருந்து வருகிற குச்சிக்கரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

புளி, வேல மரம்: கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கெட்டியான கரி.

தேங்காய்ச் சிரட்டைக் கரி: காங்கேயம் பக்கம் பெரிய அளவில் செய்கிறார்கள். சூடு கடுமை; சாம்பல் குறைவு. ஆனால் துண்டுகள் மெலிசு. நெடுநேரம் புகை போட வேண்டுமானால் நடுவில் சேர்த்துக்கொண்டே இருக்கணும். மரக்கரியோடு கலந்து போடுவது உத்தமம்.

வில்லைக் கரி: பெரிய கடைகளில் பெட்டியில் வருகிறது. கரித்தூளை மாவுப் பசை சேர்த்து அழுத்திய கட்டி. சீராக எரியும். ஆனால் தீக்குச்சி காட்டினதுமே பொறி பறக்கப் பற்றிக்கொள்ளும் சின்ன வட்ட வில்லையை வாங்காதீர்கள். உடனே பற்றுவதற்காக அதில் மருந்து சேர்த்திருக்கிறது. அது சாம்பிராணி போடுவதற்கு. கறிக்கு ஆகாது.

வாங்கும்போது ஐந்து பரீட்சை

1. தட்டிப் பாருங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் சட்டியைத் தட்டினது போல 'டங்' என்று ஒலிக்கணும். 'டொக்' என்று மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது, அல்லது வேகவில்லை.

2. உடைத்துப் பாருங்கள். உள்ளே முழுக்கக் கறுப்பாக, பளபளப்பாக இருக்கணும். நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் அரைவேக்காடு. அது கரியல்ல, கரி வேஷம் போட்ட விறகு!

3. தூக்கிப் பாருங்கள். பார்வைக்குப் பெரிசாக, கைக்கு லேசாக இருக்கணும். அநியாயமாகக் கனத்தால் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கலாம். தண்ணீருக்கு ஏன் காசு கொடுக்கணும்?

4. மூட்டையின் அடியைப் பாருங்கள். மேலே பெரிய துண்டுகளை வைத்துவிட்டு, அடியில் தூளும் மண்ணும் கல்லும் இருக்கும். தூள் காற்றோட்டத்தை அடைக்கும். கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். அரைக்கை அளவுத் துண்டுகளாகப் பார்த்து வாங்குங்கள்.

5. பற்றவைத்துப் பாருங்கள். முடிந்தால் முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி எரித்துப் பாருங்கள். நல்ல கரி சிவந்து கனலும். புகை அதிகம் வராது. பெயிண்ட், மண்ணெண்ணெய் வாடை வரவே கூடாது.

வாங்கிய கரியை மழை படாத, காற்றாடுகிற இடத்தில், தரையில் பலகை போட்டு வையுங்கள். மூட்டம் பிரித்த சூட்டோடு கரி வாங்கினால் உடனே சாக்கில் கட்டி வீட்டுக்குள் அடுக்காதீர்கள். புதுக்கரி காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பிடிப்பது உண்டு. ஓரிரு நாள் வெளியில் பரப்பி ஆறவிடுங்கள்.

வேண்டவே வேண்டாம்

பழைய கதவு, ஜன்னல், பெஞ்சு இவற்றை எரித்த கரி வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பிளைவுட்டில் பசை இருக்கும். ரயில் பாதையிலிருந்து கழித்த கட்டைக்குப் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். இவையெல்லாம் எரியும்போது நஞ்சு கறியில் படியும். புகை போடுவதற்கும் இவை ஆகாது.

அரளி, எருக்கு இரண்டும் விஷச்செடிகள். அரளிக் குச்சியை எரிப்பதும் தப்பு. அதில் கறியைக் கோத்துச் சுடுவதும் தப்பு. கோப்பதற்கு இரும்புக் கம்பி இருக்கிறது. மூங்கில் குச்சி இருக்கிறது.

அடுப்பு செய்வதற்குப் பூச்சிமருந்து வந்த டின், டிரம் எதையும் தொடாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். துத்தநாகம் பூசின தகரமும் வேண்டாம். கடும் சூட்டில் அதன் ஆவி கெடுதல். வாய் அகலமான பழைய மண்பானை, சுத்தமான இரும்புச்சட்டி, செங்கல் இவையே போதும்.

பற்றவைப்பதும் புகை போடுவதும்

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றும்போதே குப்பென்று தீ எழும்பி முகத்தையும் சேலையையும் பிடிக்கும். அடியில் காய்ந்த தென்னம்பன்னாடை, தேங்காய்நார், நாலு சுள்ளி வைத்து, மேலே கரியைக் குவித்துப் பற்றவையுங்கள். காற்றுப் போக அடியில் வழி இருக்கட்டும்.

அவசரம் வேண்டாம். கரியின்மேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கிற வரையில் காத்திருங்கள். இருபது முப்பது நிமிஷம் ஆகும். கொழுந்து விட்டு எரியும்போது கறியை வைத்தால் கருகும். சாம்பல் பூத்த கனல்தான் கறிக்குப் பதம்.

புகை மணம் வேண்டுமானால் கனலின்மேல் காய்ந்த கொய்யா அல்லது மாமரத் துண்டு ஒன்று வைத்து மூடியைப் போடுங்கள். மெலிசான நீலப்புகை வந்தால் சரி. வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் காற்றுப் போதவில்லை. கறி கசந்துவிடும், மூடியைக் கொஞ்சம் விலக்குங்கள்.

கொழுப்பு கனலில் சொட்டினால் தீயெழும்பி, கெட்ட புகை கிளம்பிக் கறியில் ஒட்டும். இப்படிப் படியும் பொருள்களில் சில புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவை. ஆகவே அதிகக் கொழுப்பை முன்னமே நறுக்கி எடுங்கள். கனலை ஒரு பக்கமாக ஒதுக்கி, கறியை மறுபக்கம் வையுங்கள். கருகின பாகத்தைக் கிள்ளி எறியுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

'புகை போட்டாச்சே, கிருமி செத்திருக்கும்' என்று நினைப்பது தவறு. புகை மணம் கொடுக்கும். கிருமியைக் கொல்வது சூடுதான். கோழிக்கறி என்றால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். நம் வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. ஆகவே மிகவும் தடித்த துண்டை எலும்பு வரை கீறிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நீர் வடிந்தால் இன்னும் வேகணும். மட்டமான கரி பாதியில் அணைந்தால் கறி வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதி வேறில்லை. நல்ல கரிக்குக் காசு கொடுப்பது ருசிக்கு மட்டுமல்ல, வயிற்றுக்கும்தான்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம்

இதுவரை நல்ல கரி எது என்று பார்த்தோம். புகை இல்லை, வாடை இல்லை, கண் எரிச்சல் இல்லை. இந்த நல்ல கரியிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும்!

ஏன் தெரியுமா? எந்தக் கரியானாலும் கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வெளிப்படுகிறது. நாம் மூச்சு விடும்போது வெளிவரும் கரியமில வாயு வேறு, இது வேறு. இதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மூளைக்கும் இருதயத்துக்கும் பிராணவாயு கிடைக்காது.

திறந்த கொல்லையில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மூடின அறையில் அது எங்கே போகும்? மட்டக் கரியாக இருந்தால் புகை வந்து இருமல் எடுக்கும். நாமே எழுந்து வெளியே ஓடுவோம். நல்ல கரி அந்த எச்சரிக்கையைக்கூடக் கொடுக்காது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை மாசம், அடைமழை. மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகிறது. மாப்பிள்ளை வந்திருக்கிறார். கொல்லையில் கறி சுட்டுச் சாப்பிட்டாயிற்று. சட்டியில் அருமையான கனல் மிச்சம் இருக்கிறது. 'வீணாப் போகுதேங்க, பச்சை உடம்புக்காரி குளிரில் கிடக்கா. உள்ளே கொண்டுபோய் வெச்சா கதகதன்னு இருக்கும்' என்கிறார் அம்மா. அப்பாவும் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். குளிர் புகாமல் கதவையும் ஜன்னலையும் சாத்துகிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாம் பாசம்தான்.

கொஞ்ச நேரத்தில் மகளுக்குத் தலைவலி. பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் அசதி. 'பிள்ளை பெத்த அலுப்பு' என்று நினைத்துக் கண்ணை மூடுகிறாள். தூக்கத்தில் இது ஆளை எழுப்பாது. பக்கத்தில் பச்சைக் குழந்தை. அது வாய் திறந்து சொல்லவும் முடியாது.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்தி பத்திரிகையில் வரத்தான் செய்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இரட்டிப்பு. தாயின் ரத்தத்தில் ஏறும் வாயு வயிற்றில் உள்ள சிசுவையும் தாக்கும். தாய் தேறினாலும் சிசுவுக்குக் கெடுதல் நேரலாம்.

கேட்பதும் சொல்வதும்

மனைவி: ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சாப் போதாதா, சிஸ்டர்?

கிராம சுகாதாரச் செவிலியர்: போதாதும்மா. அறைக்குள்ளே கனல் இருக்கவே கூடாது. திண்ணையை அடைச்சுக் கட்டின கொட்டகை, மாட்டுக்கொட்டில், கார் வேன் உள்ளே எல்லாமே இதுலே சேர்த்திதான்.

கணவர்: பக்கத்திலே ஒரு சட்டி தண்ணி வெச்சா அந்த வாயுவை இழுத்துக்கும்னு சொல்றாங்களே?

செவிலியர்: இழுக்காதுங்க அண்ணே. அது தண்ணியிலே அவ்வளவா கரையாது.

மனைவி: விளக்கு அணையாம எரியுதே? அப்ப காத்து நல்லாத்தானே இருக்கு?

செவிலியர்: விளக்கை நம்பாதீங்க. ஆளைக் கொல்ற அளவு வாயு சேர்ந்திருந்தாலும் விளக்கு நல்லாவே எரியும்.

கணவர்: மேலே சாம்பல் மூடி அணைஞ்ச கனலாச்சே, அது என்ன செய்யும்?

செவிலியர்: சாம்பலுக்கு அடியிலே கனல் இருக்கிற வரைக்கும் வாயு வரும். காத்து குறைச்சலா இருக்கிறப்போதான் அதிகமா வரும்.

மனைவி: பிள்ளைக்குத் தலை காய சாம்பிராணி போடணுமே?

செவிலியர்: பச்சைப்பிள்ளைக்கு எந்தப் புகையும் வேண்டாம்மா. மெல்லிசான துணியால் துவட்டி, தாய் நெஞ்சோடு அணைச்சு, மேலே போர்வை போட்டாப் போதும். அந்தக் கதகதப்புக்கு ஈடு எந்த நெருப்பும் இல்லை.

யாருக்காவது இப்படி ஆகிவிட்டால்

ஒரே அறையில் இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். கதவு ஜன்னல்களை விரியத் திறங்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். தூக்கப் போகிறவர் உள்ளேயே நிற்க வேண்டாம். சட்டென்று போய்ச் சட்டென்று வரவேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். கரியடுப்பு இருந்த அறை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். 'காற்றுப் பட்டதும் சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுக்க வேண்டியிருக்கும். கர்ப்பிணியும் குழந்தையும் அவசியம் போகவேண்டும்.

கறி சுட்டு முடிந்ததும் கனலை அப்படியே விட்டுவிடாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, கிளறி, மறுபடியும் தெளித்து அணையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும். சாம்பலை அன்றைக்கே குப்பையில் கொட்டாதீர்கள். அடியில் கனல் மறுநாள் வரைகூட இருக்கும். பிள்ளைகள் மிதித்துவிட்டால் சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பேனா மை, பற்பசை, தோசைமாவு எதையும் பூசாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

நினைவில் இருக்கட்டும்

தட்டினால் ஒலிக்கிற கரி, உடைத்தால் மின்னுகிற கரி, தூக்கினால் லேசான கரி: அதுவே வாங்கத் தகுந்த கரி.

பெயிண்ட் மரமும் அரளிக் குச்சியும் அடுப்பங்கரைக்கு எதிரி.

சாம்பல் பூத்த பின் கறியை வை. எலும்பு வரை வெந்த பின் வாயில் வை.

கனலுக்கு இடம் கொல்லைப்புறம். மீந்த கனலுக்கும் அதுவே இடம்.

அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது இருவரும் சேர்ந்தே போய்க் கரியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் கர்ப்பிணியோ, பச்சைக் குழந்தையோ, வயதான பெரியவரோ இருந்தால் இந்தத் தாளை அவர்கள் படுக்கிற அறைக் கதவில் ஒட்டி வையுங்கள். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.